பெட்டியின் மேல் ஒரு தேதி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிப்பவள். ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பில் இரவு நேரப் பாதுகாவல் அதிகாரியாக ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்குக் காவல் அறைக்குள் போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே வருவேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கைப்பேசி இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. ஒவ்வொரு புளோக்கின் படிக்கட்டிலும் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வருடித்தான் சுற்றுக்காவலைப் பதிவு செய்கிறோம். மின்தூக்கி நின்றுபோனாலும் குழாய் உடைந்தாலும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாக வேண்டும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் கைப்பேசி வேலைக் கருவி. அதை விலை பார்த்துத்தான் வாங்குகிறோம், அப்படி வாங்கும் இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறோம்.

2025 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னிரவு. என் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி நாள். சுற்று முடித்து வந்து உட்கார்ந்து வங்கிச் செயலியைத் திறந்தேன். வழக்கமான பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் நாலு வரி ஆங்கிலம். உங்கள் கைப்பேசியின் இயங்குதளம் பழையது, இந்தச் செயலி இனி இதில் வேலை செய்யாது என்பதுதான் அதன் சாரம். மூடித் திறந்தேன், அணைத்துப் போட்டேன். அதே நாலு வரி. காலையில் வேலை முடிந்ததும் தூங்கப் போகாமல் வங்கிக் கிளைக்குப் போய், எண் எடுத்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து முகப்பில் பணத்தைக் கட்டினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் கடைசியில் அவர் சொன்னதும் ஒன்றுதான்: “போனை மாத்தணும் ஆன்ட்டி.”

எனக்கு அது விளங்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் அது. திரையில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரியும் ஒரு முழு இரவு தாங்கும். 2022 தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, அக்கம்பக்கத்துக் கைப்பேசிக் கடை ஒன்றில் 199 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. சீல் உடைக்காத பெட்டி. “புது செட் அக்கா, கேமரா சூப்பரா இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சமூக மன்றத்தில் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போனேன். மூத்தோருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக 2020ல் அரசாங்கம் தொடங்கிய ஏற்பாடு அது. அங்கிருந்த தமிழ்த் தம்பிக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. என் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய், அடிவரை இறங்கி, ‘ஃபோனைப் பற்றி’ என்பதைத் தட்டினார். ஆண்ட்ராய்டு பதிப்பு 9 என்று காட்டியது. அதன் கீழே பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற வரி, பக்கத்தில் ஒரு தேதி: 5 நவம்பர் 2021.

“ஆன்ட்டி, இதை எப்ப வாங்கினீங்க?” என்று கேட்டார். 2022 அக்டோபர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் போனில் அந்த மாடலைத் தேடிக் காட்டினார். 2019ல் சந்தைக்கு வந்த மாடல். நான் காசு கொடுத்து வாங்கிய நாளிலேயே அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று பதினொரு மாதம் ஆகியிருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே அது பழசாகியிருந்தது. அந்தப் போனில்தான் இரண்டரை ஆண்டுகளாக என் சம்பளக் கணக்கையும், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸையும், மத்திய சேம நிதி விவரங்களையும் வைத்திருந்தேன்.

என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. நான் அசட்டையாக இருந்தவள் இல்லை. புதுப்பிப்பு முக்கியம் என்று பத்திரிகையில் படித்து, மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். போனைத் தமிழில்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் சிஸ்டம் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்றே பதில் வரும். நானும் நிம்மதியாக மூடி வைப்பேன். அந்த வாசகத்தின் உண்மைப் பொருள், இந்த மாடலுக்கு நிறுவனம் கடைசியாக அனுப்பியது உங்களிடம் இருக்கிறது என்பது மட்டுமே. இனிமேல் அனுப்ப மாட்டோம் என்ற செய்தியை அது சொல்வதே இல்லை. ஆகவே வாசகர்கள் அந்த வாசகத்தை நம்பி இருக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு முந்தியதாக இருந்தால் யாரிடமாவது காட்டி விசாரியுங்கள்.

அந்தத் தம்பி சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். புதுப்பிப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு சங்கதிகள். ஆண்ட்ராய்டு 14, 15 என்று எண் கூடுவது ஒன்று. அது வீட்டை இடித்துக் கட்டிப் புதுக் கதவு, சன்னல் வைப்பது மாதிரி. பாதுகாப்புப் புதுப்பிப்பு வேறு. இருக்கிற பூட்டில் ஓட்டை கண்டுபிடித்தால் அதை அடைப்பது. கூகல் மாதந்தோறும் எந்தெந்த ஓட்டைகளை அடைத்தோம் என்று பட்டியல் வெளியிடுகிறது. அதைத் தயாரிப்பு நிறுவனங்கள் தத்தம் மாடலுக்கு ஏற்றபடி மாற்றி, சோதித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனி வேலை, தனிச் செலவு. விலை குறைந்த போனில் லாபம் குறைவு என்பதால் அதற்குத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

காவல் வேலை பார்ப்பவளாக எனக்குச் சட்டென்று உறைத்தது இதுதான்: பட்டியல் வெளியானதும், எந்தப் பூட்டு பழுது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. பூட்டை மாற்றிக்கொண்டவர்களுக்குக் கவலை இல்லை. மாற்ற வழியில்லாதவர் வீட்டுக் கதவு எது என்று ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகிவிடுகிறது.

மோசடி விஷயத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023ல் இங்கே பலர் பணம் இழந்தது, சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து, யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து ஒரு செயலியைத் தாங்களே இறக்கிப் பதிந்துகொண்டதால். குளிர்சாதனம் கழுவுவது, மீன் வாங்குவது என்று என்னென்னவோ சொல்லி வந்த விளம்பரங்கள் அவை. எந்தப் புதுப்பிப்பும் அந்தத் தவற்றை முழுதாகத் தடுக்காது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தச் செயலிகள் பதிந்தவுடன் ‘அணுகல்தன்மை’ என்ற அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால், திரையில் நாம் பார்ப்பதையெல்லாம் அவர்கள் பார்க்கலாம், நாம் தட்டுவதையெல்லாம் அவர்கள் தட்டலாம். 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். என் பழைய போனில் இருந்தது 9. அந்தத் தாழ்ப்பாள் அதில் இல்லவே இல்லை. 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், கைப்பேசியிலேயே அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னிலக்கக் குறியீட்டு வசதி வைத்திருப்பவர்களுக்கு, வங்கிக் கணக்கில் நுழைய அனுப்பும் குறுஞ்செய்தி ஓடிபி (ஒருமுறை கடவுச்சொல்) படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தன. அதன்பிறகு வங்கிச் சாவியே கைப்பேசிக்குள் போய்விட்டது. சாவி இருக்கும் பெட்டியின் பூட்டைப் பற்றி நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

புதுப் போன் வாங்க எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. 300 வெள்ளியை ஒட்டித்தான் செலவு செய்ய முடியும். சிராங்கூன் ரோடு, சிம் லிம் ஸ்குவேர், பேரங்காடிகளின் தொலைபேசிக் கடைகள் என்று அலைந்தேன். எங்கே போனாலும் முதலில் கேமரா. “50 மெகாபிக்சல் அக்கா, ராத்திரியில கூட பளிச்சுன்னு எடுக்கும்.” ஒரு கடையில் நான் கேட்டேன்: “தம்பி, இதுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரைக்கும் வரும்?” அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரேம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, எங்கே தயாரித்தது, எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. தம் போனை எடுத்துத் தேடினார், கிடைக்கவில்லை. மேலாளரைக் கூப்பிட்டார். அவர் சொன்னார்: “யாரும் இதைக் கேட்டதில்லைக்கா.” அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அலைந்ததில் தெரிந்துகொண்டவை சில. ஆதரவுக் காலத்தை நாம் வாங்கும் நாளிலிருந்து எண்ணக்கூடாது. மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான் நிறுவனம் எண்ணும். இதை ஒருவர் தெரிந்துகொண்டாலே போதும், என்னைப் போல மாட்டமாட்டார். தள்ளுபடி விலையில் கிடைக்கும் ‘நல்ல’ மாடல் பெரும்பாலும் இரண்டு ஆண்டு பழையது. அந்த இரண்டு ஆண்டையும் கழித்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். பழைய ஐபோன் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். 2018ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26ல் சேர்க்கப்படவில்லை. ஏழாண்டு என்பது நல்ல காலம்தான், ஆனால் ஆறாவது ஆண்டில் அதை வாங்குபவருக்கு மிஞ்சுவது என்ன?

எக்ஸ்போர்ட் செட், லோக்கல் செட் என்ற பேச்சையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செட் இருபது, முப்பது வெள்ளி குறைவாகக் கிடைக்கும். ஆனால் அது வேறொரு நாட்டுக்காகச் செய்தது. உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம், புதுப்பிப்பும் அந்த நாட்டு வரிசைப்படிதான் வரும். கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முன்பெல்லாம் நீண்ட ஆதரவு என்றால் ஆயிரம் வெள்ளிப் போனுக்குத்தான். 2023ல் பிக்சல் 8க்குக் கூகல் ஏழாண்டு என்றது. 2024 தொடக்கத்தில் கேலக்சி எஸ்24க்குச் சாம்சுங்கும் ஏழாண்டு என்றது. இப்போது அது கொஞ்சம் கீழே இறங்கி வந்திருக்கிறது. நான் கடைசியில் வாங்கிய கேலக்சி ஏ16 5ஜி, 2024 கடைசியில் வந்த மாடல். ஆறு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டு என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. அதே நிறுவனத்தின் இன்னும் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றுக்கு அவ்வளவு கிடையாது என்பதால், நிறுவனப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், மாடல் பெயரைப் பார்த்து விசாரியுங்கள். 310 வெள்ளி கொடுத்தேன். பழைய போனுக்குக் கொடுத்த 199 வெள்ளியை நான் அதைப் பயன்படுத்திய காலத்துக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 80 வெள்ளிக்கு மேல் வருகிறது. இது 2030 அக்டோபர் வரை வந்தால் ஆண்டுக்கு 56 வெள்ளிதான். மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் அதிக விலையாகப் போயிற்று.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பழைய போனில் 32 ஜிபி. அதில் ஒரு கணிசமான பங்கைப் போனின் மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மீதியில் செயலிகளும், காலை வணக்கப் படங்களும், கல்யாண வீடியோக்களும். புதுப்பிப்பு இறங்கச் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும். இடமில்லை என்று சொல்லி அது நின்றுவிடும், நாமும் ‘பிறகு’ என்று தட்டிவிட்டுப் போய்விடுவோம். என் சக ஊழியர்கள் பாதிப் பேர் இப்படித்தான் பல மாதப் புதுப்பிப்புகளைத் தவறவிட்டிருக்கிறார்கள். 128 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். புதுப்பிப்பு போட்டால் போன் மந்தமாகிவிடும் என்று பயப்படுபவர்களுக்கும் சொல்கிறேன். பெரிய புதுப்பிப்பு முடிந்த ஓரிரு நாள் போன் உள்ளுக்குள் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அப்போது சூடாகும், மெதுவாகும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வீட்டு வைஃபையில், மின்னூட்டியில் செருகி, தூங்கப் போகுமுன் போட்டுவிடுங்கள். நான் பகலில் தூங்குபவள், அதனால் காலை ஒன்பது மணிக்குப் போடுகிறேன். ‘உங்கள் போனைப் புதுப்பியுங்கள்’ என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ இணைப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். புதுப்பிப்பு அமைப்புகளுக்குள்ளிருந்துதான் வரும். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் இருக்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பிள்ளைகள் புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொடுத்துவிடுகிறார்கள். அன்பால்தான் கொடுக்கிறார்கள். நானும் என் மாமியாருக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவருக்கு எண்பத்தொரு வயது. எந்த இணைப்பு வந்தாலும் யாரோ நம்மவர்தான் அனுப்பியிருப்பார் என்று நம்பித் தட்டுபவர். வீட்டில் எளிதாக ஏமாறக்கூடியவர் கையில் பூட்டு பழுதான போனைக் கொடுத்துவிட்டோமே என்று, அந்த மேசையிலிருந்து எழுந்து வரும்போதே எனக்கு மனம் பதறியது. வீட்டுக்கு வந்ததும் அவர் போனைப் பார்த்தேன். தேதி 2020. அரசாங்கத்தின் சிடிசி பற்றுச்சீட்டுகளைச் சமூக மன்றத்தில் அச்சிட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்பதால், வங்கிச் செயலியையும் சிங்பாஸையும் அதிலிருந்து உடனே எடுத்துவிட்டு, பேசவும் காணொளி அழைப்புக்கும் மட்டும் வைத்திருந்தோம். அடுத்த மாதம் அவருக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் போன் வாங்கி ஊருக்கு அனுப்பும் நம் ஊழியத் தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு அது.

இப்போது என் வேண்டுகோள். இந்த நாட்டில் குளிர்பதனப் பெட்டி வாங்கினால் மின்சாரச் சிக்கனத்துக்கு எத்தனை டிக் என்று முகப்பிலேயே ஒட்டியிருக்கிறது. பானப் புட்டியில் சர்க்கரைக்கு ஏ, பி, சி, டி என்று 2022 கடைசியிலிருந்து போட்டிருக்கிறது. வீட்டு வைஃபை ரவுட்டருக்கு இணையப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். ஆனால் வங்கியும், அடையாளமும், மருத்துவக் குறிப்பும் உள்ளே இருக்கிற கைப்பேசிப் பெட்டியில் நான் தேடிய அந்த ஒரு தேதி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தரும் என்பதை வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கைப்பேசியும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுவனம் நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். எண்ணத் தொடங்கும் நாளைக் கவனியுங்கள். வெளிவந்த நாளிலிருந்து அல்ல, சந்தைக்கு அனுப்புவது நின்ற நாளிலிருந்து. அந்த விதி இங்கே இருந்திருந்தால், 2022ல் நான் வாங்கிய நாளில் அந்தப் போனுக்குப் புதுப்பிப்பு நின்றுபோயிருக்காது.

இணையப் பாதுகாப்பு அமைப்பும், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும், பயனீட்டாளர் சங்கமும் சேர்ந்து ஒன்று செய்தால் போதும். சிங்கப்பூரில் விற்கும் ஒவ்வொரு கைப்பேசிப் பெட்டியின் மேலும், கடையில் வைத்திருக்கும் விலைச்சீட்டிலும், ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு இந்த மாதம், இந்த ஆண்டு வரை’ என்று ஒரு வரி. நான்கு மொழியிலும் இருந்தால் நல்லது. வெறும் எண்ணாக இருந்தாலும் எங்களுக்குப் புரியும். ரொட்டிப் பொட்டலத்தில் தேதி பார்த்து வாங்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தத் தேதி தாண்டிய போனைக் கடைக்காரர் விற்பதானால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை எங்கள் காவல் அறையில் நாங்களே ஒரு வழி வைத்துக்கொண்டோம். போனின் உறையைக் கழற்றி, உள்பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதியிருக்கிறோம். என்னுடையதில் ‘2030 அக்டோபர்’. பகல் நேரம் பார்க்கும் மலாய்க்கார அக்காவின் போனைப் பார்த்தபோது அது 2023லேயே முடிந்திருந்தது. அவரும் நானும் வரும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறோம். இந்த முறை கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பே நாங்கள் தேதியைக் கேட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு பாதுகாவல் அதிகாரி
ஈசூன்